மணி இருக்க வேண்டிய இடம்

முருகனடியார்களுக்கு வணக்கம்.

என் மனைவி கோமதி வாய் பேச முடியாமல் கிடந்தபோது, அவளுக்கு மிச்சமிருந்த சில சொற்களையும் நான் பறித்துக்கொண்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முருகன் செய்த உதவியை மட்டும் எழுதி இதை விட்டுவிட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். நம் கார்த்திகைக் கூட்டத்தில் என்னைப் பெரிய பக்தன் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கோமதி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சேரன்மகாதேவியில் நாங்கள் இரண்டு பேர்தான். அடுத்த தெருவில் அவள் தம்பி சுப்பையா இருக்கிறான். வயலும் வாழையுமாக வாழ்கிறவன். கோமதி வாய் ஓயாமல் பேசுவாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களின் மூன்று தலைமுறைக் கதையும் பத்தமடை வருவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவளுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் அடித்தண்டில் அடைப்பு என்றார்கள். அறிவு முழுதாக இருந்தது. காது கேட்டது, கண் பார்த்தது. ஆனால் கழுத்துக்குக் கீழே வலது கட்டைவிரல் மட்டும்தான் கொஞ்சம் அசைந்தது. பேச்சு அடியோடு போய்விட்டது. சாப்பாடு குழாய் வழியாக. நெஞ்சில் சளி கட்டினால் இருமித் துப்ப முடியாது. சளி உறிஞ்சும் மெஷினை வைத்து நாம்தான் எடுக்க வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து ஜாஸ்மின் என்று ஒரு பேச்சுப் பயிற்சியாளர் வந்தார். ஜாஸ்மின் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். கட்டில் கம்பியில் ஒரு டேப்லெட்டை மாட்டினார். கோமதியின் கட்டைவிரலுக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்விட்சை வைத்தார். திரையில் கட்டம் கட்டமாகச் சொற்கள். ஒரு வெளிச்சம் கட்டம் கட்டமாக நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய கட்டத்துக்கு வந்ததும் ஸ்விட்சை லேசாக அழுத்தினால் போதும். கருவி அந்தச் சொல்லைப் பெண் குரலில் சொல்லும். சொல்லிவிட்டு வெளிச்சம் மறுபடியும் முதல் கட்டத்துக்கு வந்துவிடும்.

முதல் கட்டத்தில் ஒரு மணிப் படம் இருந்தது. அதை அழுத்தினால் தெருமுனை வரை கேட்கும்படி கருவி அலறும்.

"சார், மத்ததெல்லாம் உங்க இஷ்டம்போல மாத்திக்கிடுங்க. இந்த முதல் கட்டத்த மட்டும் தொட்டுராதிய" என்றார் ஜாஸ்மின் டீச்சர். "வெளிச்சம் முதல்ல வந்து நிக்கது இங்கனதான். மூச்சு முட்டுச்சுன்னா அவங்களால கடைசிக் கட்டம் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க முடியாதுல்லா?"

நான் தலையாட்டினேன்.

அன்று கோமதி முதலில் சொன்ன சொல் "காப்பி". சுப்பையா சிரித்துவிட்டான். "பாத்தியளா அத்தான், இத்தன மாசம் கழிச்சு வாயத் திறந்தா புருசன் பேரச் சொல்லுவான்னு பாத்தா காப்பிங்கா." கோமதியின் கண்ணும் சிரித்தது. குழாய் வழியாகத்தான் போகும் என்றாலும், ஒரு சொட்டுக் காப்பியை நாக்கில் தடவினேன். அப்படி ஒரு சந்தோஷம் அந்த வீட்டில் இருந்தது.

பிறகு மணி அடிக்க ஆரம்பித்தது.

நான் குளிக்கப் போனால் அடிக்கும். வாசலில் பால் வாங்கினால் அடிக்கும். ஓடி வந்து பார்த்தால் "பயம்" என்பாள். அல்லது "வலி". அல்லது "மூச்சு". சில சமயம் "சாவு". ஜாஸ்மின் டீச்சர் அந்தச் சொல்லையும் வைத்திருந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தப் பெண் குரல் நடுவீட்டில் "சாவு" என்று சொல்லும்.

எங்கள் வீட்டில் விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம், குளிர வை என்போம். அரிசி இல்லை என்று சொல்ல மாட்டோம், நிறைந்திருக்கிறது என்போம். வீட்டுக்குள் தேவதைகள் சுற்றிக்கொண்டிருக்கும், நாம் எதைச் சொன்னாலும் "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிடும் என்று என்னைச் சொல்லி வளர்த்தார்கள். மின்சாரமும் காந்தமும் நடத்தியவன்தான் நான். ஆனாலும் இதை நம்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் கருவியில் புதிதாக ஒரு சொற்பலகை செய்தேன். வலி, பயம், மூச்சு, சாவு, வேண்டாம் எல்லாவற்றையும் எடுத்தேன். பூ, விளக்கு, திருநீறு, பாட்டு, காப்பி, நல்லது, சந்தோஷம் என்று நிரப்பினேன். எந்தத் தாளில் எழுதினாலும் தலைப்பில் பிள்ளையார் சுழி போடுகிற கை என்னுடையது. அந்தப் பழக்கத்தில், முதல் கட்டத்தில் இருந்த மணியை எடுத்துவிட்டு அங்கே "முருகா" என்று வைத்தேன்.

கோமதி பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் செய்து முடித்ததும் அவள் கண் திரையில் ஒவ்வொரு கட்டமாகப் போய் வந்தது. எதையோ தேடினாள். கிடைக்கவில்லை. என்னைப் பார்த்தாள். "இனிமே நம்ம வீட்ல நல்ல வார்த்தைதான் கோமதி" என்றேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். தேவதைகள் எனக்குக் கிடைத்த சாக்கு. உண்மையில் அந்த மணிச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. அது அடிக்கும்போதெல்லாம் அவள் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துத்தான் ஓடுவேன். அவள் பயப்படுகிறாள் என்று தெரிந்துகொள்ளவே எனக்குப் பயமாக இருந்தது.

ஜாஸ்மின் டீச்சர் மாதம் ஒரு முறை வருவார். அன்று மட்டும் பழைய பலகையைத் திறந்து வைப்பேன். அன்றெல்லாம் கோமதி ஸ்விட்சை விடாமல் அழுத்துவாள். வலி, வலி, தோள், பயம். "என்ன சார், இவ்வளவு சொல்லுதாங்க?" என்று டீச்சர் கேட்பார். "வெளியாளப் பாத்தா இப்படித்தான் டீச்சர், மத்த நேரம் அமைதியா இருப்பா" என்பேன். கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். டீச்சர் தெருமுனை திரும்பியதும் பலகையை மாற்றிவிடுவேன்.

இப்படியே ஐப்பசி வந்தது. கந்த சஷ்டி.

நான் விரதம். சூரசம்ஹாரத்தன்று மாலை தொலைக்காட்சியில் திருச்செந்தூர்க் கடற்கரையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். லட்சக்கணக்கில் ஜனம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கோமதியும் பார்க்கட்டும் என்று கட்டிலை நிமிர்த்தி வைத்திருந்தேன். சூரன் தலை மாறி மாறி வரும் நேரத்தில் கருவி பேசியது.

"முருகா."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பல நாட்களாக அவள் ஸ்விட்சைத் தொடவே இல்லை. இன்றைக்குப் பார்த்து, இந்த நேரம் பார்த்து.

"முருகா. முருகா. முருகா."

நானும் கை கூப்பினேன். அவள் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். தொலைக்காட்சியில் அரோகரா முழங்கியது. அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. என் கண்ணிலும் வழிந்தது. எழுந்து போய் அவள் நெற்றியில் திருநீறு பூசினேன். நெற்றி வியர்த்து நனைந்திருந்தது. திருநீறு சகதிபோல் ஒட்டியது. பக்தியில் வந்த வியர்வை என்று நினைத்தேன்.

சுப்பையாவுக்குப் போன் செய்தேன். "மாப்ளே, உடனே வா. உங்க அக்கா முருகனக் கூப்பிடுதா. வந்து கண்ணால பாரு" என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை.

அவன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் வந்தான். வாசலில் நின்றே, "என்னத்தான், அக்கா உங்களையே மிஞ்சிட்டாளாமே! இனிமே காவடிய அவ தோள்ல மாத்தி வச்சிருவோமா?" என்று சிரித்தான். உள்ளே வந்தான். அவன் சிரிப்பு நின்றது.

"அத்தான். உதடு ஏன் கறுத்திருக்கு?"

அப்போதுதான் பார்த்தேன். உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. தொண்டையில் சளி கொறகொறவென்று இழுத்தது. தொலைக்காட்சிச் சத்தத்தில் எனக்கு அது கேட்கவில்லை. கட்டைவிரல் மட்டும் இன்னும் ஸ்விட்சில் துடித்துக்கொண்டிருந்தது. அழுத்தும் வலு இல்லை. வெளிச்சம் பூ, விளக்கு, நல்லது, சந்தோஷம் என்று தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது.

அவள் முருகனைக் கூப்பிடவில்லை. மணி இருந்த கட்டத்தை அழுத்தியிருக்கிறாள். உடனே சத்தம் வரக்கூடிய கட்டம் அது ஒன்றுதான். அந்தக் கட்டத்தில் நான் வைத்திருந்ததைக் கருவி சொல்லிக்கொண்டிருந்தது. அவள் மூச்சு முட்டிச் சாகக் கிடந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து கை கூப்பிக்கொண்டிருந்தேன்.

சுப்பையா மெஷினை இழுத்தான். நான் செலுத்திய குழாய் இரண்டு முறை தவறியது. கொஞ்சம் சளி வந்தது. கறுப்பு முழுதாக மாறவில்லை. ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் வைத்தார்கள். பத்தமடை தாண்டி, மேலச்செவல் தாண்டி, இரண்டு பக்கமும் வயலில் மழைத் தண்ணீர் நின்றது. வண்டியின் அலறல் அந்த மணியின் அலறல்போலவே இருந்தது. அந்தச் சத்தம் வீட்டில் கேட்கக் கூடாது என்றுதானே அதை எடுத்தேன்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கருவியில் இணைத்தார்கள். சளி நுரையீரலில் அடைத்து நிமோனியா ஆகிவிட்டது, வயதும் ஆகிவிட்டது, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தேன். முருகா என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அந்தப் பெண் குரல் காதில் கேட்டது. ஐந்து வயதிலிருந்து சொல்லிவந்த பெயர். சொல்ல முடியவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தை எழுத என்னிடம் சொல் இல்லை. கோமதி போய்விடுவாள், சாமியும் போய்விட்டது, நான் மட்டும் இந்தப் பெஞ்சில் இருக்கப்போகிறேன் என்று தோன்றியது.

சுப்பையா சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். "ஆமா சித்தி, சஷ்டியன்னிக்கு. நினைவு தப்புத வரைக்கும் முருகா முருகான்னுதான் சொல்லியிருக்கா. ஆருக்குக் கிடைக்கும்?" எதிர்முனையில் யாரோ அழுதார்கள். மறுநாள் வந்தவர்கள் என் கையைப் பிடித்து, "புண்ணியவதி, என்ன பக்தி!" என்றார்கள். ஒருவர் என்னிடம் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார். அவள் செத்துப்போனால் இந்தக் கதைதான் ஊரில் நிற்கும். அவள் கேட்ட உதவியை அவள் பக்தி என்று ஆக்கி, அதற்கு மேல் சமாதியும் கட்டிவிடுவார்கள்.

சுப்பையாவைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். மணியை எடுத்தது, சொற்களை எடுத்தது, டீச்சர் வரும் நாளில் மாற்றி வைத்தது.

அவன் படியில் உட்கார்ந்து கேட்டான். பிறகு, "அத்தான், நீங்க எங்க அக்காளுக்குப் புருசன். இல்லேன்னா இங்கனயே உங்க சட்டையப் பிடிச்சிருப்பேன்" என்றான். கீழே இறங்கிப் போனான். இனி வரமாட்டான் என்று நினைத்தேன். இரண்டு காப்பியோடு வந்தான். ஒன்றை என் கையில் திணித்தான். "குடிங்க. நீங்க சாவுதுக்கு முந்தி அக்காகிட்ட இத சொல்லணும். அவ எந்திரிக்கணும். அதுக்கு வேண்டிக்கிடுங்க. வேற எதுக்கும் வேண்டாதிய."

அப்படித்தான் வேண்டினேன். பெயர் சொல்லாமல், பாட்டுச் சொல்லாமல். நான் வீட்டை விட்டு விரட்டிய சொல்தான் வாயில் வந்தது. "பயமா இருக்கு" என்றேன். "பயமா இருக்கு. பயமா இருக்கு. அவளைத் திருப்பிக் கொடு. அவள் என்னைத் திட்டட்டும். எந்தச் சொல்லைச் சொன்னாலும் கேட்கிறேன். மணியை அவளிடம் கொடுத்துவிடுகிறேன்." மொட்டை, காவடி எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. வாழ்நாளில் நான் நடிக்காமல் செய்த முதல் பிரார்த்தனை அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து வந்த நாட்கள் எல்லாம் ஒரே நாளாகத்தான் நினைவில் இருக்கின்றன. கதவு திறக்கும். நர்ஸ் வேறு யாருடைய பெயரையாவது கூப்பிடுவார். கதவு மூடும். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் ஒரு காலை அழுதுகொண்டே போனார்கள். எங்கள் முறை வரும் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஒரு காலையில் டாக்டர் தானே வெளியே வந்தார். காய்ச்சல் இறங்குகிறது என்றார். பிறகு மூச்சுக்கருவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். கழுத்துத் துளை வழியாக அவளே மூச்சு விட்டாள். மருந்தும் கருவியும் டாக்டரும் செய்தது என்று நீங்கள் சொல்லலாம். நானும் சொல்வேன், காற்றழுத்தம் பற்றிப் பாடம் நடத்தியவன்தானே. ஆனால் நான் யாரிடம் கேட்டேன் என்பது எனக்குத் தெரியும். கேட்டது கிடைத்தது என்பதும் தெரியும்.

ஜாஸ்மின் டீச்சருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். அவர் கருவியோடு வந்தார். "மாசாமாசம் வந்தேனே சார்" என்றார். பழைய பலகையைத் திறந்தார். முதல் கட்டத்தில் மணி. ஆஸ்பத்திரி என்பதால் சத்தத்தைக் குறைத்து வைத்தார்.

கோமதியின் காதருகே குனிந்து சொன்னேன். "நான் செஞ்சது தப்பு. நீ கூப்பிட்டத நான் சாமி கும்பிடுதன்னு நினைச்சேன்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கட்டைவிரல் அசைந்தது. மணி அடித்தது. பக்கத்தில்தான் நின்றேன், இன்னும் நெருங்கினேன். அவள் என்னைப் பார்த்தாள். மறுபடி அடித்தாள். மறுபடி நெருங்கினேன். பிறகு வெளிச்சத்துக்காகக் காத்திருந்து, "பயம்" என்றாள்.

"எனக்கும்தான் கோமதி" என்றேன். திருமணமான இத்தனை வருடத்தில் அதை அவளிடம் நான் சொன்னதே இல்லை.

மார்கழியில் வீட்டுக்கு வந்தோம். அவள் என்னைச் சோதிக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டில் கை வைத்தால் மணி. பூஜையில் கற்பூரம் ஏற்றியதும் மணி. தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவேன். ஒன்றும் இருக்காது. கண்ணால் என்னை ஏற இறங்கப் பார்ப்பாள். சுப்பையா, "அத்தான், அக்காளுக்குச் சும்மான்னு ஒரு கட்டம் போட்டுக் குடுங்க. பாவம், கூப்பிட்டுட்டு என்ன சொல்லன்னு தெரியாம முழிக்கா" என்றான். போட்டேன். அதிலிருந்து கற்பூர நேரத்தில் மணி அடிக்கும். ஓடுவேன். "சும்மா" என்பாள். அப்படி ஓடிய ஒரு நாள் அது சும்மா இல்லை, துளையில் சளி அடைத்திருந்தது. உடனே எடுத்தேன். உதடு கறுக்கவில்லை. அன்று எடுத்து முடித்த பிறகு கட்டிலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் இன்னும் ஒரு தப்புச் செய்தேன். பலகையின் கடைசிக் கட்டத்தில், அவளைக் கேட்காமல், "பரவாயில்லை" என்று ஒரு சொல் வைத்தேன். எப்போதாவது அழுத்துவாள் என்று. வெளிச்சம் அங்கே வந்து நிற்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். அவள் அழுத்த மாட்டாள். வெளிச்சம் மேலே போய்விடும்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் மணி அடித்தாள். போனேன். ஆஸ்பத்திரியில் டீச்சர் புதிதாகச் சேர்த்துக் கொடுத்த, எழுத்துகளும் ஆமா, இல்லையும் உள்ள எழுத்துப் பலகையைத் திறக்கச் சொன்னாள். ஒவ்வோர் எழுத்தாகக் காத்திருந்து "கடைசி எடு" என்றாள். எடுத்தேன். அந்த இடத்தில் என்ன வைக்க என்று கேட்டேன். மறுபடியும் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். முருகா.

உடனே கேட்டேன். "முதல் கட்டத்திலயா?"

"இல்லை."

"மணி அங்கனயே இருக்கட்டுமா?"

"ஆமா."

"கடைசியிலதானா?"

"ஆமா."

அப்படியே வைத்தேன். இப்போது தினமும் விளக்கு வைத்த பிறகு அவள் அதை அழுத்துகிறாள். அதற்கு மணியைத் தாண்ட வேண்டும். வலி, பயம், மூச்சு, வேண்டாம், சாவு எல்லாவற்றையும் தாண்டி, வெளிச்சம் கடைசிக்கு வரும் வரை விரலை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருந்து சொல்கிறாள். அந்தப் பெயர் என் வாய்க்கும் அதன் பிறகுதான் திரும்ப வந்தது.

பரவாயில்லை என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடியார்களே, உங்கள் வீட்டிலும் படுத்திருப்பவர்கள் இருக்கலாம். அவர்கள் பயம் என்று சொன்னால் வாயை மூடாதீர்கள். முருகனுக்கு அந்தச் சொல் தெரியும். என்னிடமிருந்து அவன் கேட்ட பிரார்த்தனையே அதுதான். நம்பிக் கூப்பிடுங்கள், வருவான். கூப்பிடும்போது பக்கத்தில் கிடப்பவரையும் பாருங்கள்.

மாலையில் கருவி "முருகா" என்னும்போது நான் உடனே கை கூப்புவதில்லை. விளக்கை அவள் முகத்துப் பக்கம் கொண்டுபோகிறேன். உதட்டின் நிறத்தைப் பார்க்கிறேன். கழுத்துத் துளையில் காது வைத்து மூச்சைக் கேட்கிறேன். அவள் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் சரியாக இருந்தால், அதன் பிறகு நானும் சொல்கிறேன்.